லாத்தா போட்ட பிறந்த நாள்

அலோன் ஜெட்டிக்குப் போகும் தெருவில் உம்மு சல்மாவின் ஃபோன் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. பர்மியர்களுக்கு அவள் டோ சல்மா. தமிழ் பேசுகிறவர்களுக்கு, இந்துவானாலும் முஸ்லிமானாலும், லாத்தா, அதாவது அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள், சரக்குப் படகுகளில் போகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், யாருக்கு ஃபோனில் என்ன கோளாறு வந்தாலும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

முதலில் அது அவள் கணவன் ஷாஹுலின் கடை. ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சிம் கார்டு மலிவாகி ஊரே ஃபோன் வாங்கியபோது, அவன் திருப்புளியோடு உள்ளே உட்கார்ந்துகொண்டான். சல்மா முன்னால் உட்கார்ந்தாள். எல்லோரும் படமும் சேதியும் போட்டுக்கொள்கிற ஆப் ஒன்றுக்காகத்தான் பலரும் ஃபோன் வாங்கினார்கள், ஆனால் பாதிப் பேருக்கு அந்த ஆப்பில் எப்படி நுழைவதென்று தெரியாது. அவளே பேர், நம்பர், பிறந்த நாள் எல்லாம் போட்டுத் திறந்து கொடுத்து, கடவுச்சொல்லைத் தன் நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்வாள். மறந்துவிட்டு மறுவாரமே வந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பிறந்த நாள் என்ன என்று கேட்டால்தான் சிக்கல். "மழைக்காலம், புதன்கிழமை" என்பார்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் பிறந்த கிழமை தெரியும், தேதி தெரியாது. அப்படி ஒரு கிழவர் விழித்துக்கொண்டு நின்றபோது சல்மாவின் விரல் தானாக ஒரு தேதியை அழுத்தியது. ஆகஸ்ட் 12, 1998.

அது அவளுடைய மகள் பிறந்த நாள். பிறந்த நாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பத்து மாதமும் சுமந்து, மூச்சில்லாமல் வெளியே வந்த நாள். ஷாஹுல் வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனான். அசர் தொழுகை நேரத்துக்குள் வெறுங்கையோடு திரும்பி வந்தான். பேர் வைக்கவில்லை. அதன்பின் அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. அந்த நாளைப் பற்றி அவனும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

கிழவருக்குப் போட்ட தேதியை அடுத்த ஆளுக்கும் போட்டாள். அதற்கடுத்த ஆளுக்கும். கை பழகிவிட்டது. மறுவருடம் அந்தத் தேதி வந்தபோது என்ன நடக்கும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. காலையில் கடை திறந்ததிலிருந்து, இன்னாருக்கு இன்று பிறந்த நாள் என்று ஆப் சொல்லிச் சொல்லித் தெருவெங்கும் ஃபோன்கள் கிணுகிணுத்தன. மூட்டைக்காரர்களும் மீன்காரிகளும் ஒருவருக்கொருவர் பிறந்த நாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "லாத்தா, எனக்கு இன்னிக்குப் பொறந்த நாளாம், பாருங்க!" என்று ஒரு படகுக்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். சல்மாவும் சிரித்தாள். உள்ளே போய்த் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அது துக்கம் மட்டும் இல்லை. பதினேழு வருடமாக ஒருவரும் வாழ்த்தாத நாளை ஒரு தெருவே வாழ்த்திக்கொண்டிருந்தது. அதிலிருந்து வருடாவருடம் அவள் அந்த நாளுக்குக் காத்திருந்தாள். தேதி தெரிந்தவர்களுக்கும் அதையே போட்டாள்.

இதைத்தான் பின்னால் அவளால் தனக்குத்தானே மன்னிக்க முடியவில்லை. வேலை அவசரத்தில் போட்ட தேதி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வழியில்லை. ஆசைப்பட்டுப் போட்ட தேதி அது.

பவானியை அவள் அம்மா கௌசல்யா கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நோய்க்காலத்தில், பள்ளிகளை மூடியிருந்தபோது. கௌசல்யா கப்பல்துறைக் கிடங்கு ஒன்றின் கேண்டீனில் சமைக்கிறவள். புருஷன் சண்முகநாதன் மலேசியாவில். டீச்சர் பாடங்களை அந்த ஆப்பில்தான் அனுப்புகிறார் என்பதால் பெண்ணுக்கென்று ஒரு பழைய ஃபோன் வாங்கியிருந்தாள். இரட்டைப் பின்னல், கன்னத்தில் வட்டமாக, மரப்பட்டையை அரைத்த தனக்கா பூச்சு, நல்ல கறுப்பு நிறம், ஓயாத பேச்சு. இதுதான் பவானி.

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு" என்றாள் கௌசல்யா.

பதிமூன்று ஆகாத பிள்ளைக்கு ஆப் திறக்காது. சல்மா வழக்கமான தேதியைப் போட்டாள். திறந்துகொண்டது. பவானி கவுண்டரில் முகவாயை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, அது எம் பொறந்த நாள் இல்லியே. நான் மார்ச்சு."

"அது சும்மா ஒரு நம்பரும்மா. யாரும் பாக்க மாட்டாங்க."

பாடத்துக்காக வாங்கிய ஃபோன் பாடம் முடிந்த பிறகும் பவானியின் கையிலேயே இருந்தது. அடுத்த வருடம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது, ஆப்பைத் தடை செய்தார்கள். வி.பி.என் என்ற ஒன்றைப் போட்டால் ஃபோன் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பதுபோல் நடிக்கும், ஆப் திறக்கும். அதையும் சல்மாதான் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தாள். தெருமுனையில் சிப்பாய்கள் ஃபோனை வாங்கிப் பார்ப்பார்கள் என்பதால் வெளியே போகும்போது எப்படி மறைப்பது என்றும் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஜூலையில் ஷாஹுலுக்கும் நோய் வந்து, சல்மா ஆக்ஸிஜன் உருளைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே அவன் போய்விட்டான். கடை முழுக்க அவள் தலையில் விழுந்தது.

பவானி மாதத்துக்கு இரண்டு தடவையாவது கடைக்கு வருவாள். ஆப்பைப் பொறுத்தவரை அவள் பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை, இருபத்தைந்து வயதுப் பெண். அதற்கேற்ற விளம்பரங்களைத்தான் அது அவளுக்குக் காட்டியது. கல்யாணப் புரோக்கர்கள், எடை குறைக்கும் மாத்திரை, தாய்லாந்தில் வேலை, ஏழு நாளில் வெள்ளையாக்கும் களிம்பு. அவள் போடும் படங்களில் அவளைக் 'கலா' என்று கேலி செய்து எழுதினார்கள். இந்தியர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், கூடவே கறுப்பு என்றும் எழுதுவார்கள். ஒருநாள் ஃபோனைச் சல்மாவிடம் நீட்டினாள்.

"லாத்தா, இந்த ரெண்டு போட்டோவையும் பாருங்க. இதுக்கு எட்டு லைக்கு. இதுக்கு நானூறு."

இரண்டாவது படத்தில் இருந்தது பால்போல் வெளுத்த, தாடை கூர்ந்த, நீலக் கண் வைத்த ஒரு பெண். பவானியின் சட்டையைப் போட்டிருந்தாள். ஆப்பே முகத்தை அப்படி மாற்றிக் காட்டும்.

"இது நீ இல்லியேம்மா" என்றாள் சல்மா.

"அதான் லாத்தா. இதுமாதிரி ஆகணும்."

களிம்பு பார்சலாக வந்தது. கௌசல்யா பகலெல்லாம் கேண்டீனில் இருந்ததால் பவானி பார்சலுக்குச் சல்மாவின் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தாள். சிறிய வெள்ளை டப்பாக்கள். மேலே எந்த எழுத்தும் கிடையாது. சல்மா கையெழுத்துப் போட்டு வாங்கி மேசைக்கடியில் வைத்திருந்து கொடுப்பாள். என்ன என்று ஒருதடவை கேட்டாள். "பவுடர்" என்றாள் பெண். சல்மா அதோடு விட்டுவிட்டாள். மொத்தம் ஆறோ ஏழோ பார்சல் இருக்கும்.

பவானி வெளுக்கத்தான் செய்தாள். கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். போன வருடம் வெயில் காலத்தில், பதினாறு வயதில், காலை நேரங்களில் அவள் கண் இமைகள் வீங்க ஆரம்பித்தன. அப்புறம் கால். சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று கௌசல்யா நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது செருப்பு காலில் ஏறவில்லை. டாக்டர் அம்மா சிறுநீரைச் சோதித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வியே, "முகத்துக்கு என்ன பூசறே?" என்பதுதான். டப்பாவை எடுத்து வரச் சொன்னார். அதில் பாதரசம் இருக்கும், அது தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது என்றார். நிறுத்தினால் பல பேர் பிழைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். பவானிக்கு அதற்கு மேல் கிருமியும் தொற்றிக்கொண்டது. ஏழு வாரம் கிடந்தாள். ஜூலைக் கடைசியில், மழை விடாத ஒரு மத்தியானத்தில் போய்விட்டாள்.

சல்மா வீட்டுக்குப் போனாள். பெண்கள் பவானியின் முகத்துக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். கௌசல்யா யாரையும் பார்க்கவில்லை.

பதினாறு நாள் கழித்து ஆகஸ்ட் பன்னிரண்டு வந்தது. காலையில் சல்மாவின் ஃபோன் மினுங்கியது. 'இன்று பவானியின் பிறந்த நாள். வாழ்த்துச் சொல்லுங்கள்.' படத்தில் வெளுத்த முகம், நீலக் கண்கள். விஷயம் தெரியாத யார் யாரோ கேக் படமும் பூப் படமும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஃபோன்கள் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. சல்மா கடையை இழுத்து மூடிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்துகொண்டாள். மூடிய பிறகும் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் அவளுக்கு ஒன்றாகிப்போனது அன்றுதான். வெள்ளைத் துணியில் போன பிள்ளையின் முகத்தை அவள் சரியாகப் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. நினைத்துப் பார்த்தால் எப்போதும் ஒரு மங்கல்தான். இப்போது அந்த மங்கலில் ஒரு முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளுத்து, தாடை கூர்ந்து, நீலக் கண்ணோடு.

அதோடு விடவில்லை. சில நாள் கழித்து, பகல் இரண்டு மணிக்கு, பவானியின் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் இப்போது உள்ளே இருக்கிறார் என்பதற்கான அடையாளம். சல்மாவின் கையிலிருந்து ஃபோன் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தாள், புள்ளி இருந்தது. அரை மணி நேரத்தில் அணைந்தது. மறுநாளும் இரண்டு மணிக்கு எரிந்தது. கேண்டீனில் சாப்பாடு முடிந்து கௌசல்யா உட்காரும் நேரம் அது. தாய்தான் மகளின் ஃபோனைத் திறந்து படம் பார்க்கிறாள் என்று சல்மாவுக்கு விளங்க நான்கு நாள் ஆனது. விளங்கிய பிறகும் ஒன்றும் குறையவில்லை. இரண்டு மணி நெருங்கினால் ஃபோனைக் கவிழ்த்து வைப்பாள். கவிழ்த்து வைத்த ஃபோனின் ஓரத்தில் பச்சையாக எதுவும் கசிகிறதா என்று பார்ப்பாள். நிமிர்த்திப் பார்க்காமல் அவளால் இருக்கவும் முடியாது.

இந்த வருடம் கடைகளில் மாம்பழம் வந்த சமயம், துறைமுகத்தில் படுதா விற்கும் அமீர் அலி தன் மகள் உஸ்மாவின் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"லாத்தா, இதுல ஏதோ வைரஸ் பூந்திருச்சு. ஆப்பைத் திறந்தா கறுப்பா ஒரு பொட்டி வந்து உக்காந்துக்குது. பிள்ளை காலையிலேர்ந்து ஒரே ரகளை."

சல்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கறுப்புப் பெட்டிக்குள் இங்கிலீஷ் எழுத்து. அவள் எட்டாவது வரை இங்கிலீஷ் படித்தவள். தட்டுத் தடுமாறி வாசித்தாள். எச்சரிக்கை. இதில் அதிக நேரம் செலவிடுவது வளரும் பிள்ளைகளின் மனநலத்துக்குக் கேடு செய்யலாம். அப்படித்தான் இருந்தது.

அன்று உஸ்மாவின் வி.பி.என் அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சிகரெட் பெட்டியில் போடுகிற மாதிரி ஆப்பிலும் எச்சரிக்கை போட வேண்டும் என்று அந்த ஊரில் சட்டம் வந்திருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அலோனில் ஒரு படுதாக்கடைக்காரர் மகளுக்கு வந்துவிட்டது.

"வைரஸ் இல்ல பாய். எச்சரிக்கை. பிள்ளைங்களுக்கு இது ஆகாதுன்னு போட்டிருக்கான்."

"நல்லது, தெரிஞ்சுக்கிட்டோம். அதை எடுத்துட முடியுமா?"

சல்மா வி.பி.என்னில் ஊரை மாற்றினாள். ஒரே தட்டு. பெட்டி மறைந்துவிட்டது. அமீர் அலி நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு சல்மாவுக்கு ஒன்று உறைத்தது. வெகுநாளாக எத்தனையோ பிள்ளைகளின் ஃபோன்கள் அதே மாநிலத்தின் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன, அவளே போட்டது. வேறு ஒருவரும் பெட்டி வந்தது என்று சொல்லவில்லையே?

ரிப்பேருக்கு வந்து கிடந்த இரண்டு ஃபோன்களை எடுத்து அதே மாநிலத்தின் வழியாகத் திறந்தாள். ஒன்று பன்னிரண்டு வயதுப் பையனுடையது, இன்னொன்று பதினைந்து வயதுப் பெண்ணுடையது. பெட்டி வரவில்லை. பாட்டும் கூத்துமாக நேரே திறந்துகொண்டது. கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. உஸ்மா தன் கணக்கைத் தானே திறந்தவள், உண்மைத் தேதியைப் போட்டவள். அந்தச் சட்டம் அவளைப் பிள்ளை என்று கண்டுகொண்டது. மற்றவர்கள் எல்லோரும் ஆகஸ்ட் 12, 1998-இல் பிறந்தவர்கள். இருபத்தேழு முடிந்தவர்கள். அவர்களை எந்த ஊர்ச் சட்டமும் தேடி வராது.

அன்று சாயங்காலம் கரண்ட் வரும்வரை மெழுகுவத்தி வெளிச்சத்தில் கடவுச்சொல் நோட்டைப் புரட்டினாள். பதினெட்டு ஆகாதவர்கள் அறுபத்து மூன்று பேர். பென்சிலால் சுழித்தாள். முப்பத்தொன்றாவது பேரில் பென்சில் நின்றது. அந்தப் பேரைச் சுழிக்காமல் தாண்டிப் போனாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "பிள்ளைக்குத் தேதி தப்பாப் போட்டுட்டேன், கூட்டிட்டு வாங்க, மாத்தித் தர்றேன்." சிலர் சிரித்தார்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கவுண்டரில் கையால் அறைந்தாள். அவள் நேரலையில் துணி விற்கிறவள். பிள்ளை என்று தெரிந்தால் ஆப் விடாது. "எங்க வீட்டுல சோறு நடக்கறதே அதுலதான் லாத்தா, உங்களுக்கு இப்பத்தான் ஞானம் வந்துச்சா?" என்று கேட்டாள். ஒரு தகப்பன் ஃபோனை எடுக்கவே இல்லை. வயதை மாற்றியதும் பத்து வயதுப் பையன் ஒருவனின் கணக்கை ஆப் அடியோடு மூடிவிட்டது. அவன் கடைவாசலில் புரண்டு அழுதான். பத்தொன்பது பேர் வந்து மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு தேதியை அழிக்கும்போதும் தன் பிள்ளையை ஒவ்வொரு வீடாகப் போய்த் தானே வெளியே தள்ளுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் அழித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கௌசல்யா வந்தாள். மகள் போன பிறகு அவள் கடைப் படியேறுவது அதுதான் முதல் தடவை. மெலிந்திருந்தாள். கவுண்டரில் பவானியின் ஃபோனை வைத்தாள்.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் வயசு மாத்திக் குடுக்கிறீங்களாமே லாத்தா."

சல்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"பவானிக்கும் மாத்திக் குடுங்க."

"மாத்துனா பூட்டிக்கலாம் கௌசல்யா. போட்டோ எல்லாம் போனாலும் போயிடும்."

"முன்னாடியே காப்பி எடுத்துருங்க. நான் உக்காந்திருக்கேன்."

பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சல்மா படங்களைக் கார்டில் ஏற்ற ஆரம்பித்தாள். ஆயிரத்துக்கும் மேலே இருந்தன. ஒவ்வொன்றாகத் திரையில் வந்து வந்து போயின. வெளுத்த முகம், கூர்ந்த தாடை, நீலக் கண். மறுபடியும் அதே முகம், வேறு சட்டை. ஐந்நூறு படம் போயிருக்கும்.

"நிறுத்துங்க" என்றாள் கௌசல்யா. "இதுல எம்புள்ள எங்க இருக்கா? தெனமும் ரெண்டு மணிக்குத் தேடறேன். ஒண்ணுலயும் இல்ல."

சல்மா பின்னால், பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். ஒரே ஒரு படம் அகப்பட்டது. கை தவறி எடுத்ததாக இருக்கும். கேண்டீன் அடுப்பங்கரை, பாதி சுவர், பாதி பவானி. யாரோ கூப்பிட்டுத் திரும்புகிறாள், கையில் மாவு, வாய் திறந்திருக்கிறது. சொந்த நிறம். கௌசல்யா ஃபோனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

அப்புறம் திருப்பிக் கொடுத்தாள். "போடுங்க. மார்ச்சு மூணு, ரெண்டாயிரத்தி ஒம்பது."

சல்மா போட்டாள். பூட்டிக்கொள்ளவில்லை. ஆப் ஒரு நொடி சுற்றியது, மறுபடி திறந்தது. அந்த ஃபோனில் என்றோ போட்ட வி.பி.என் இன்னும் அதே மாநிலத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. கறுப்புப் பெட்டி வந்தது.

"என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

சல்மா வாசித்தாள். முதலில் இங்கிலீஷில், அப்புறம் தமிழில். கௌசல்யா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாரு எழுதுனது?"

"அமெரிக்காவில ஒரு சர்க்காரு. பிள்ளைங்களுக்குக் காட்டணும்னு சட்டம் போட்டிருக்கான்."

"அவங்களுக்கு எம்மகளைத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"இது அன்னிக்கே வந்திருந்தா அவ கேட்டிருப்பாளா?"

பொய் சொல்லிவிடலாம் என்று சல்மாவுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. "தெரியல. ஓரத்துல ஒரு குறி வருது. அதைத் தொட்டாப் போயிடும். தொட்டிருந்தாலும் தொட்டிருப்பா." ஃபோனைக் கவுண்டரில் வைத்தாள். "ஆனா அவளுக்கு வரவிடாமப் பண்ணுனது நான். அந்தத் தேதியைப் போட்டது நான்."

"அவ சொன்னா. லாத்தா எனக்கு வேற பொறந்த நாளு போட்டிருக்காங்கன்னு. அது யாரு நாளு?"

இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சல்மா அதை வாய்விட்டுச் சொன்னாள். ஆஸ்பத்திரி, வெள்ளைத் துணி, ஷாஹுல் வெறுங்கையோடு வந்து நின்றது, வருடாவருடம் தெரு முழுக்கக் கேட்கிற அந்த மணிச் சத்தம், அதற்காக அவள் காத்திருந்தது. எதையும் விடவில்லை. கௌசல்யா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பேரு?"

"வைக்கல."

"பேரில்லாமப் போன பிள்ளையோட எம்பிள்ளையைக் கோத்து விட்டுட்டீங்க" என்றாள் கௌசல்யா. சத்தம் போடவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்ததா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அந்தக் களிம்புப் பார்சலு எல்லாம்..."

"உங்க கடை விலாசத்துக்கு வந்துச்சு. தெரியும். அட்டைப் பொட்டியில எழுதியிருந்துச்சு. அவ செத்த அன்னிக்கே பாத்தேன்."

இத்தனை மாதமும் எல்லாம் தெரிந்துகொண்டேதான் அவள் இந்தக் கடையைக் கடந்து வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். சல்மா "என்னைய மன்னிச்சிரு"  என்று சொல்ல வாயெடுத்தாள். கௌசல்யா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதைச் சொல்லாதீங்க. சொன்னா நான் பதில் சொல்லணும்."

ஃபோனையும் கார்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். எதுவும் கேட்கவில்லை. அதே முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணோடு ஒரு தாய் வந்து, ஆப்பில் கணக்கு திறந்து கொடுக்கச் சொன்னாள். சல்மா முடியாது என்றாள். "தேதியை மாத்திப் போட்டாப் போச்சு, எல்லாரும் அப்படித்தானே போடறாங்க" என்றாள் அந்தத் தாய். அப்போது கௌசல்யா தன் ஃபோனை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள். முதலில் வெளுத்த முகம், அடுத்தது மாவுக் கையோடு திரும்புகிற முகம். "ரெண்டும் ஒரே பிள்ளை" என்றாள் பர்மியில். "போன வருசம் செத்துட்டா." அவ்வளவுதான் சொன்னாள். அந்தத் தாய் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு ஃபோன் கடை திறந்திருக்கிறது. அங்கே போனாளா, வீட்டுக்குப் போனாளா என்று சல்மா எட்டிப் பார்க்கவில்லை.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் கௌசல்யா வருகிறாள். பத்தரைக்கு வந்தால் இரண்டு வரை இருப்பாள். சல்மாவோடு பேசுவதில்லை. சல்மா டீ வரவழைத்து முக்காலிக்குப் பக்கத்தில் வைப்பாள்; சில நாள் குடிப்பாள், சில நாள் ஆடை படிந்து அப்படியே கிடக்கும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு மட்டும் இரண்டு படங்களையும் காட்டுவாள். வியாபாரம் மட்டுப்பட்டுவிட்டது. பாவம் அந்தம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஏன் உள்ளே விடுகிறீர்கள் என்று அமீர் அலிகூடக் கேட்டார். சல்மாவுக்கு அவளை இருக்கச் சொல்லவும் துணிவில்லை, போகச் சொல்லவும் துணிவில்லை. முதுகுக்குப் பின்னால் அந்த முக்காலி கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் அவள் கையிலிருக்கும் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

போன வாரம் இரண்டு மணிக்குக் கௌசல்யா எழுந்தாள். டீக் கிளாஸைத் தானே கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அலம்பிக் கவிழ்த்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, திரும்பாமல் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம வர மாட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் தன்லியின்ல தங்கச்சி வீட்டுல விசேசம்."

"சரிம்மா" என்றாள் சல்மா.

"யாராச்சும் பிள்ளையக் கூட்டிட்டு வந்தா நீங்களே சொல்லுங்க."

சல்மா ஏதோ பதில் சொல்வதற்குள் அவள் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று சல்மா அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.